ஜிக்ஜாக் கத்தரியும் ஒட்டுத்துணிப் போர்வையும்: எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நாலு கட் பீஸ், பாரிமுனைப் பக்கத்துத் தையல் சாமான் கடையில், ஓரத்தைப் பல் பல்லாக வெட்டும் ஒரு ஜிக்ஜாக் கத்தரி. இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவுடன் வருகிற ஆசை ஒன்றுதான். எல்லாத் துண்டையும் இந்தக் கத்தரியாலேயே வெட்டிவிட்டால் ஓரம் பிரியாது, ஓவர்லாக் போட வேண்டாம், வேலை சுலபம். அப்படி வெட்டிய துண்டுகளை இணைத்துத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைதான் எட்டாவது வரிசைக்கு வரும்போது ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது.

இந்தக் கத்தரி ஓரத்தைக் காக்கும், அளவைத் தராது. ஒட்டுத்துணி வேலையோ முழுக்க முழுக்க அளவில் நிற்பது. அதனால் போர்வை வேலையில் இதற்கு இடம் உண்டு, ஆனால் துண்டு வெட்டும் இடத்தில் இல்லை. துண்டுகளையும் இதாலேயே வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஓரத்தைப் பார்த்துத் தைக்கக்கூடாது, கோட்டைப் பார்த்துத் தைக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இதன் விவரம்தான்.

பல்வெட்டு ஏன் பிரிவதில்லை

நெய்த துணியில் பாவு நீளவாட்டில் ஓடும், ஊடை குறுக்கே ஓடும். நேர் இழையில் வெட்டினால், வெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இழை வெட்டுக்கு இணையாகவே கிடக்கும். அதைப் பிடித்துவைக்க வெளிப்பக்கம் வேறு இழை கிடையாது. ஒரு முனையை இழுத்தால் ஒரு மீட்டரும் கையோடு வந்துவிடும். கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய துணி அப்படி வராது. அங்கே ஒவ்வோர் இழையும் வெட்டைச் சாய்வாகச் சந்தித்து உள்ளே போய்விடுகிறது. பைப்பிங்குக்கு, அதாவது ஓரத்தை மூடித் தைக்க, வெட்டிய கிராஸ் பட்டி நாளெல்லாம் மேஜையில் கிடந்தாலும் ஓரம் கலையாததற்குக் காரணம் இதுதான்.

ஜிக்ஜாக் கத்தரி ஒரு நேர் வெட்டைச் சின்னச் சின்ன கிராஸ் வெட்டுகளாக மாற்றுகிறது. இழை பிரிந்தாலும் ஒரு பல்லின் அகலத்துக்குத்தான் பிரியும், அதோடு நின்றுவிடும். இதைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் தெளிவாகும். பல்வெட்டு பிரிதலைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. பத்து முறை துவைத்தபின் பல் முனைகள் மழுங்கிப் பஞ்சுபோல் ஆகிவிடும். அதன் மேல் தையலோ மூடுதுணியோ இருந்தால் கவலை இல்லை. வெளியே தெரியும்படி விட்டால்தான் அசிங்கம்.

போர்வையில் மேல்துணி, நடுவில் பஞ்சு ஷீட், அடித்துணி என்று மூன்று அடுக்கு. துண்டுகளை இணைத்த ஓரமெல்லாம் உள்ளே அடைபட்டுப் போகிறது. சட்டை, நைட்டி போல உள்பக்கம் உடம்பில் உரசுவதில்லை. ஆகவே நெருக்கமாக நெய்த பருத்தித் துணிக்கு நேர்வெட்டும் கால் இஞ்ச் மார்ஜினும் (தையலுக்கு வெளியே விடும் துணி) போதும். அதற்கு மேல் ஒவ்வொரு துண்டுக்கும் பல்வெட்டு போடுவது கைவலிக்குத்தான் உதவும்.

எந்தத் துணிக்கு எடுபடும்

கடையிலேயே பார்த்துவிடலாம். வெட்டிய ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் பத்து முறை ஒரே திசையில் உரசுங்கள். இழை 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் நல்ல துணி, நேர்வெட்டே போதும். 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை கலைந்தால் பல்வெட்டு உதவும். அதற்கும் மேல் உதிர்ந்தால் எந்தக் கத்தரியும் காப்பாற்றாது. ஓவர்லாக் போடுங்கள், இல்லையென்றால் அந்தத் துணியைப் போர்வைக்கு எடுக்காதீர்கள்.

பாப்ளின், கேம்பிரிக், 2 பை 2 ரூபியா பிளவுஸ் பிட் மூன்றும் நன்றாக வெட்டுப்படும். பருத்தி நைட்டித் துணியில் தரம் பல விதம், நகச் சோதனை செய்துதான் வாங்க வேண்டும். மல் துணி மெலிசு. பற்களுக்கு நடுவே மடங்கி உள்ளே போய்ப் பிய்ந்த மாதிரி வரும். ரயான் வழுக்கும், பல் முனையிலேயே உதிர ஆரம்பிக்கும். சாட்டின், ஜார்ஜெட், தளர்வாக நெய்த லினன் ஆகியவற்றுக்கும் இதே கதை. பனியன் துணி பிரிவதே இல்லை, அதற்குப் பல்வெட்டு வெறும் அலங்காரம்.

பழைய புடவையை வெட்டுவதாக இருந்தால் ஜரிகைப் பக்கம் கத்தரியைக் கொண்டுபோகாதீர்கள். ஜரிகையின் உலோக இழை பல்லில் நுண்ணிய பள்ளம் போட்டுவிடும். அந்தப் பள்ளம் பிறகு வெட்டும் எல்லாத் துணியிலும் ஒரே இடத்தில் ஓர் இழையை வெட்டாமல் விட்டுவிடும். ஜரிகைக் கரையைச் சாதாரணக் கத்தரியால் முதலில் பிரித்து வைத்துவிடுங்கள்.

இந்தக் கத்தரியின் முதல் வேலை: துவைப்பதற்கு முன்

போர்வை வேலையில் ஜிக்ஜாக் கத்தரி உண்மையிலேயே சம்பாதித்துக் கொடுக்கும் இடம் இது. ஆனால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கடையில் கிழித்துக் கொடுத்த துணியை அப்படியே வாளியில் ஊறப்போட்டால், கிழித்த இரண்டு ஓரத்திலும் நூல் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கி, ஜடை பின்னிய மாதிரி வெளியே வரும். வாஷிங் மெஷினில் போட்டால் இன்னும் மோசம். அந்தச் சிக்கலை வெட்டி எடுக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் ஓர் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் துணி வீண். 80 சென்டிமீட்டர் பிளவுஸ் பிட்டில் அது பெரிய நஷ்டம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். துணியின் இரண்டு வெட்டு ஓரத்தையும் பல்வெட்டால் ஒட்ட நறுக்குங்கள், அரை சென்டிமீட்டர் போனால் போதும். கரைப்பக்கம் (நெய்யும்போதே முடிந்த ஓரம்) தொட வேண்டாம், அது தானாகவே பிரியாது. நாலு மூலையையும் சின்னதாகக் குறுக்கே வெட்டிவிட்டால் மூலையில் தொடங்கும் சிக்கலும் நிற்கும். பிறகு ஊறப்போடுங்கள்.

துவைக்காமலே தைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: புதுப் பருத்தித் துணி பொதுவாக நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். எல்லாத் துணியும் ஒரே அளவு சுருங்கினால் பரவாயில்லை. ஒன்று 2, இன்னொன்று 5 என்று சுருங்கினால் முதல் சலவையிலேயே போர்வை அங்கங்கே இழுத்துக்கொள்ளும்.

சாயம் இன்னொரு காரணம். வட சென்னைக்கும் துணிக்கும் உள்ள உறவு பழையது. வண்ணாரப்பேட்டை துணி வெளுத்தவர்களால் பெயர் பெற்றது. திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர். காலெட் பேட்டைதான் வாய்மொழியில் காலடிப்பேட்டை ஆனது. இந்தப் பட்டணத்தின் பெயரையே சுமந்து கடல் தாண்டிப் போன மெட்ராஸ் கட்டம் துணி சாயம் விடுவதற்கே பேர்போனது. 1960-களில் அமெரிக்காவில் ஒவ்வொரு சலவைக்கும் நிறம் கலங்குவதையே அதன் பெருமையாகச் சொல்லி விற்றார்கள். சட்டைக்கு அது பெருமையாக இருக்கலாம். பக்கத்திலேயே வெள்ளைப் பாப்ளின் துண்டு இருக்கும் போர்வைக்கு அது தலைவலி.

கட்டம் துணி, ஆழ்சிவப்பு, கருநீலம், கத்திரிப்பூ நிறம் எல்லாவற்றையும் தனித்தனியாக ஊறப்போடுங்கள். ஈரமாக இருக்கும்போதே வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கறை வராத வரைக்கும் தண்ணீரை மாற்றுங்கள். உப்பு போட்டால் சாயம் நிற்கும், வினிகர் விட்டால் நிற்கும் என்பதை நம்ப வேண்டாம். நெய்து முடித்துக் கடைக்கு வந்துவிட்ட துணியில் இரண்டுமே சாயத்தைப் பிடித்து வைக்காது. நாலு அலசலுக்குப் பிறகும் விடுகிற துணியை வெளிர்நிறப் போர்வையில் சேர்க்காதீர்கள்.

காய்ந்ததும் லேசாகக் கஞ்சி தெளித்து அயர்ன் செய்யுங்கள். கஞ்சி போட்ட துணியில் பல்வெட்டு பிளேடு போட்டதுபோல் வரும், தொளதொள துணியில் கடித்ததுபோல் வரும். கஞ்சியைப் போர்வை முடிந்து முதல் சலவையில் போக்கிவிடுங்கள். அப்படியே பெட்டியில் வைத்தால் பூச்சி வரும்.

கத்தரியைப் பிடிக்கும் விதம்

9 இஞ்ச் கத்தரிதான் எல்லாருக்கும் வசதி. கடையில் வாங்கும்போது உங்கள் துணியிலேயே ஒரு துண்டு கொண்டுபோய், கத்தரியின் அடிப்பல்லிலிருந்து நுனிப்பல் வரை ஒரு முழு வெட்டு வெட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நுனியில்தான் குறை இருக்கும். நுனியில் துணி மடங்கினால் அந்தக் கத்தரி வேண்டாம். பல்லின் ஆழத்தையும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். போர்வைக்கு 3 மில்லிமீட்டர் ஆழம் சரி, அதற்கு மேல் போனால் கால் இஞ்ச் மார்ஜினில் பாதியைப் பல்லே தின்றுவிடும். அலை அலையாக வெட்டும் கத்தரியும் அதே கடையில் தொங்கும். அது ஃபெல்ட் பூ வெட்ட அழகு, இழையைக் காக்கப் பல்வெட்டுதான் நல்லது. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் அதற்கென்று செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும். வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் இரண்டு அலகும் விலகி, பல் பொருந்தாது.

வெட்டும்போது துணி மேஜையில் கிடக்க வேண்டும். கீழ் அலகு மேஜையைத் தொட்டபடியே நகர வேண்டும். துணியைக் கையில் தூக்கிப் பிடித்து வெட்டினால் எடை இழுத்து, கோடு வளையும்.

முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அலகை முழுசாக மூடாதீர்கள். நுனிக்கு ஓர் இஞ்ச் முன்னாலேயே நிறுத்துங்கள், திறந்து முன்னே தள்ளுங்கள். அடுத்த வெட்டைத் தொடங்கும் முன், ஏற்கெனவே வெட்டிய கடைசி இரண்டு பல் தடத்தில் கத்தரியின் பற்களை உட்காரவையுங்கள். சாவி பூட்டில் உட்காருகிற மாதிரி ஒரு பிடிப்பு விரலில் தெரியும். அதற்குப் பிறகு அழுத்துங்கள். இந்தப் பொருத்தம் இல்லாமல் வெட்டினால் இணைப்பு இடத்தில் ஒரு பாதிப்பல் விழும். நூல் அங்கிருந்துதான் கிளம்பும்.

ஒரு தடவைக்கு ஓர் அடுக்கு, அதிகம் போனால் இரண்டு. நாலு அடுக்கை மடித்து வெட்டினால் மேல் இரண்டு ஒழுங்காக இருக்கும், கீழே உள்ளவை நழுவி ஓரம் சாய்ந்திருக்கும். அகலமான வளைவு வெட்டலாம், கத்தரியைத் திருப்பாமல் துணியைத் திருப்ப வேண்டும். சின்ன வட்டம், உள்மூலை இரண்டும் இதில் முடியாது. வெளிமூலையில் கோட்டோடு நிற்காமல் துணியைத் தாண்டி வெட்டி வெளியே வந்துவிடுங்கள், பிறகு அடுத்த பக்கத்தைத் தனியாகத் தொடங்குங்கள்.

கணக்கு எங்கே உதைக்கிறது

இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். போர்வை கோணுவது இங்கேதான்.

குழந்தைப் போர்வை ஒன்று, 36 இஞ்ச் அகலம், 45 இஞ்ச் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 5 இஞ்ச் சதுரங்கள், குறுக்கே 8, நெடுக்கே 10, மொத்தம் 80. நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போனால் ஒவ்வொரு சதுரமும் நாலரை இஞ்ச் நிற்கும். 8 பெருக்கல் நாலரை, 36. சரி.

5 இஞ்ச் என்பது 127 மில்லிமீட்டர். சாக் கோட்டின் மேலேயே ஜிக்ஜாக் கத்தரியை ஓட்டினால் கோடு பல்லின் நடுவில் விழும். பல் ஆழம் 3 மில்லிமீட்டர் என்றால், முனை கோட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே, பள்ளம் ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே. எதிர்ப்பக்கமும் அப்படியே. ஆக ஒரே சதுரத்தை முனையிலிருந்து முனைக்கு அளந்தால் 130, பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் 124.

இப்போது மெஷினில் கால் இஞ்ச் வைத்துத் தைக்கிறீர்கள். முனையை அளவுக் கோட்டில் வைத்தால் சதுரம் 3 மில்லிமீட்டர் பெரிசாக நிற்கும், 8 சதுரத்துக்கு 24 மில்லிமீட்டர் கூடும். பள்ளத்தை வைத்தால் அதே 24 குறையும். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு இஞ்ச் வித்தியாசம். முதல் வரிசையைக் காலையில் முனை பார்த்தும், இரண்டாவது வரிசையை ராத்திரி கண் அசந்து பள்ளம் பார்த்தும் தைத்தால் மூலைகள் எப்படிச் சேரும்? துணி இழுபட்டதாக மெஷின் மேல் பழி விழும். மெஷின் பாவம்.

கடையில் வரும் ரெடிமேட் 5 இஞ்ச் சதுரக் கட்டுகளும் பெரும்பாலும் பல்வெட்டோடுதான் வரும். பிரித்ததும் ஒன்றை எடுத்து முனைக்கு முனை அளந்து பாருங்கள். சரியாக 5 இஞ்ச் என்றால் முனையை வைத்துத் தைக்க வேண்டும். பள்ளத்துக்குப் பள்ளம்தான் 5 இஞ்ச் என்றால் பள்ளத்தை வைத்து. கட்டின் வெவ்வேறு இடத்திலிருந்து நாலு சதுரம் எடுத்துப் பார்ப்பது நல்லது. எது என்று தெரிந்ததும் ஒரு காகிதத்தில் எழுதி மெஷின் மேல் ஒட்டிவிடுங்கள், கடைசித் துண்டு வரை அதையே பிடியுங்கள்.

பல்வெட்டிலேயே துண்டு வெட்ட வேண்டும் என்றால்

நகச் சோதனையில் நடுத்தரமாக வந்த துணி, அல்லது துண்டு துண்டாகப் பல மாதம் எடுத்துவைத்துத் தைக்கப்போகிறீர்கள் என்றால் இது நியாயமான முடிவுதான். அப்போது இப்படிச் செய்யுங்கள்.

கெட்டி அட்டையில் நாலரை இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். இது வெட்டு அளவு இல்லை, தையல் அளவு. துணியின் உள்பக்கத்தில், பாவு இழைக்கு நேராக அட்டையை வைத்து, கூர்மையான பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். கறுப்புத் துணிக்கு வெள்ளைப் பென்சில். தடிமனான மார்க்கிங் சாக் வேண்டாம், அதன் கோடே 2 மில்லிமீட்டர் இருக்கும். கட்டம் துணியில் ஒரு வசதி உண்டு. நூலிலேயே நிறம் ஏற்றி நெய்தது என்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கட்டத்தின் கோடே நேர் இழையைக் காட்டிவிடும்.

அடுத்த சதுரத்துக்கு இடம் விடும்போது இரண்டு கோட்டுக்கும் நடுவில் அரை இஞ்சுக்குச் சற்று அதிகமாக, 15 மில்லிமீட்டர் விடுங்கள். அந்த இடைவெளியின் நடுவில் கத்தரியை ஓட்டினால் ஒரே வெட்டில் இரண்டு சதுரத்துக்கும் ஓரம் கிடைக்கும். ஒருவரின் முனை அடுத்தவரின் பள்ளம். பள்ளத்திலிருந்து கோட்டுக்கு 6 மில்லிமீட்டர் மிஞ்சும், போதும்.

துணிக் கணக்கு: 80 சென்டிமீட்டர், 36 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள பிளவுஸ் பிட் சுருங்கியபின் சுமார் 30 இஞ்சுக்கு 34 இஞ்ச் நிற்கும். ஓரத்தை நேர் செய்ய ஒரு இஞ்சாவது போகும். நெடுக்கே 5, குறுக்கே 6, ஆக ஒரு பிட்டுக்கு 30 சதுரம். மூன்று பிட் வாங்கினால் 90, பத்து கையிருப்பு. நேர்வெட்டாக இருந்தாலும் இதே எண்ணிக்கைதான் வரும்.

தைக்கும்போது இரண்டு சதுரத்தை நல்ல பக்கம் உள்ளே வரும்படி சேர்த்து, முதலில் ஒரு மூலையில் குண்டூசியைக் குத்துங்கள். மேல் துணியின் கோடு சந்திக்கும் புள்ளியில் இறங்கி, கீழ்த் துணியின் அதே புள்ளியில் வெளியே வர வேண்டும். மறு மூலையிலும் அப்படியே, நடுவில் ஒன்று. ஓரங்கள் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பல் பல்லோடு பொருந்தாமல்தான் இருக்கும். அது பரவாயில்லை. தையல் நீளம் 2 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில், ஓர் இஞ்சுக்கு சுமார் 12 தையல். கோட்டின் மேலேயே ஓட்டாமல், ஒரு நூல் அளவு மார்ஜின் பக்கம் தள்ளித் தைத்தால் அயர்ன் மடிப்பு தின்னும் இடமும் ஈடாகிவிடும். குண்டூசி மேல் ஊசியை ஓட்டாதீர்கள்.

இது மெதுவான வேலை. 80 சதுரத்துக்குக் கோடு போடவே ஒரு மத்தியானம் ஓடிவிடும். அதனால்தான் நல்ல பாப்ளின் என்றால் நேர்வெட்டும் கால் இஞ்ச் மார்ஜினும் போதும் என்று முதலிலேயே சொன்னோம்.

தைத்தபின் வெட்டுவது

கால் இஞ்சுக்கு வெட்டித் தைப்பதற்குப் பதில், அரை இஞ்ச் மார்ஜின் விட்டு நேர்வெட்டாக வெட்டித் தைத்துவிட்டு, பிறகு ஜிக்ஜாக் கத்தரியால் கால் இஞ்சுக்குக் குறைப்பது இன்னொரு வழி. எங்களைக் கேட்டால் இதுதான் மிகச் சரியான உபயோகம். அளவை நேர் ஓரம் பார்த்துக்கொண்டது, காவலைப் பல்வெட்டு பார்த்துக்கொள்கிறது. துணி கொஞ்சம் அதிகம் செலவாகும். பள்ளத்துக்கும் தையலுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது. அதற்குள் போனால் போர்வையை இழுத்துப் போர்த்தும்போது தையலே பிய்ந்துகொண்டு வரும்.

இதில் ஒரு கூடுதல் லாபம். மெலிசான வெளிர்நிறத் துணிக்கு அடியில் மார்ஜினின் நேர் ஓரம் கோடு போட்ட மாதிரி மேலே தெரியும். அயர்ன் பட்டால் இன்னும் அழுத்தமாகத் தெரியும். பல் ஓரத்தில் தடிமன் ஒரே இடத்தில் முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் அந்தக் கோடு மங்கிவிடும். கறுப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் மார்ஜினைக் கறுப்புப் பக்கம் மடியுங்கள். முடியாத இடத்தில் கறுப்பு மார்ஜினை வெள்ளையைவிட 2 மில்லிமீட்டர் குறைத்து வெட்டிவிடுங்கள்.

பெரிய கட்டில் போர்வைக்கு அடித்துணி ஒரே பன்னாவில் கிடைக்காது, இரண்டை இணைக்க வேண்டும். கரையை வைத்துக்கொண்டே தைத்தால் துவைத்தபின் கரை மட்டும் வேறு மாதிரி சுருங்கி நடுவில் சுருக்கம் விழும். கரையை வெட்டி எறிந்துவிட்டு, அரை இஞ்சில் தைத்து, மார்ஜினைப் பல்வெட்டில் குறைத்து, இரண்டு பக்கமும் விரித்து அயர்ன் செய்யுங்கள். தட்டையாக உட்காரும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்துச் சுற்றோரத்தைச் சமன் செய்யும்போது இந்தக் கத்தரி வேண்டாம். பைப்பிங் பட்டிக்குள் ஓரம் முழுக்க நிறைந்திருக்க வேண்டும். பள்ளம் இருந்தால் பட்டி அங்கங்கே காலியாகி நசுங்கும். பஞ்சு ஷீட்டின் நார் பல் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளவும் செய்யும். கிராஸ் பட்டியை எப்படியும் பல்வெட்டு வெட்டத் தேவையில்லை.

மேலே ஒட்டித் தைக்கும் பூ, இலை போன்றவற்றில் ஃபெல்ட் என்றால் பல் ஓரத்தை அப்படியே விடலாம். பருத்தி என்றால் பள்ளத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தையல் போட்டு, ஓரம் காலப்போக்கில் பஞ்சாகும் என்று ஏற்றுக்கொண்டு செய்யுங்கள். ஓரத்தை வேண்டுமென்றே வெளியே விட்டுக் கிழித்துப் பூப்போல உதிரவைக்கும் போர்வை ஒன்றும் உண்டு. அதற்குப் பல்வெட்டு போடுவது அந்த வேலையையே கெடுப்பது, அங்கே நூல் பிரியத்தான் வேண்டும்.

வெட்டு கெடும்போது

ஒரே இடத்தில் ஓர் இழை மட்டும் வெட்டுப்படாமல் தொங்கினால் ஒரு பல்லில் அடி விழுந்திருக்கிறது. குண்டூசி, ஜரிகை, ஜிப், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். எல்லா இடத்திலும் துணி மடங்கி உள்ளே போனால் நடு ஸ்குரூ தளர்ந்திருக்கலாம். கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். இறுக்கியபின் கத்தரி திறக்கக் கனமாக இருந்தால் கொஞ்சம் பின்வாங்குங்கள். பல்லில் பசைபோல் ஒட்டியிருந்தால் அது கஞ்சியும் துணித்தூசியும். பழைய பல் பிரஷால் தேய்த்து, துளி ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். காகிதம் வெட்டியிருந்தால் எல்லாப் பல்லும் ஒரே சீராக மழுங்கியிருக்கும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் கத்தரியை எட்டாத இடத்தில் வையுங்கள், சார்ட் பேப்பர் ஓரத்துக்கு இதைவிட அழகான கத்தரி அவர்களுக்குத் தெரியாது.

அலுமினிய ஃபாயிலை நாலாக மடித்து வெட்டினால் கூராகும் என்பார்கள். பல் நுனியில் இருக்கும் பிசிறு போகும், அவ்வளவுதான். மழுங்கிய பல் அதனால் கூராகாது. தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் சாதாரணக் கத்தரியைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். உருட்டுக்கல்லில் பல் பட்டால் இரண்டு அலகின் பல்லும் இனி ஒன்றோடொன்று பொருந்தாது. ஜிக்ஜாக் கத்தரிக்குச் சாணை பிடிக்கத் தெரிந்த கடையா என்று கேட்டு, அவர்கள் செய்துகொடுத்த வேறொரு கத்தரியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றில் உப்பு அதிகம். மழை மாதங்களில் ஒரு வாரம் வெளியே கிடந்தாலே பல் இடுக்கில் துரு பூக்கும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நடு ஸ்குரூவில் ஒரு துளி, பல் முகத்தில் ஒரு துளி மெஷின் ஆயில் விடுங்கள். நாலைந்து முறை திறந்து மூடி, தேவையில்லாத பருத்தித் துணியில் பத்து வெட்டு வெட்டினால் மிச்ச எண்ணெய் அதில் போய்விடும். அலகு மூடிய நிலையில் உறையில் போட்டு, செருப்புப் பெட்டியில் வருமே சின்ன சிலிக்கா பை, அதில் ஒன்றையும் சேர்த்து டப்பாவில் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது முதல் வெட்டை நல்ல துணியில் தொடங்காதீர்கள், பல் இடுக்கில் தங்கியிருக்கும் எண்ணெய் வெளிர்நிறப் பாப்ளினில் வரிசையாகப் புள்ளி வைத்துவிடும்.